சேலம், ஏற்காடு அலுவலகங்களில் லினக்ஸ் சர்வரின் நேரம் தப்பினால் எங்கே பார்ப்பது?

எடைமேடை பில்லில் 11:42. அதே லாரி உள்ளே வந்த கேமரா பதிவில் 11:35. டிரைவரின் போனில் 11:38. ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலையானாலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையானாலும், நேரக் கோளாறு வெளியே தெரிவது இப்படித்தான். புகார் வந்ததும் பலரும் ரூட்டாக நுழைந்து, போனைப் பார்த்து, ‘டேட்’ கட்டளையில் நேரத்தை மாற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு தப்பியிருக்கிறது, முந்துகிறதா பிந்துகிறதா, ஒரே அளவில் நிற்கிறதா வளர்கிறதா என்பவைதான் காரணத்தைக் காட்டும் தடயங்கள். கையால் நேரத்தை மாற்றிய அடுத்த நொடி அவை போய்விடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஏசியா/கொல்கத்தாவில் மட்டும் இரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

‘டேட் -யு’ அடியுங்கள். வருவது உலகப் பொது நேரம். நம் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் குறைவு. போன் காட்டும் நேரத்தில் அந்த ஐந்தரை மணியைக் கழித்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சர்வரின் கடிகாரம் சரி, நேர மண்டலம்தான் தவறு. ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா’ என்று ஒரே வரியில் வேலை முடிந்தது. பில்லிங் மென்பொருள் மட்டும் இன்னும் ஐந்தரை மணி பின்னால் இருந்தால் பிஎச்பி, ஜாவா, மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றில் தனித்தனியாக இருக்கும் நேர மண்டல அமைப்பைப் பாருங்கள். டாக்கர் கன்டெய்னர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் எழும்பும். இதற்கெல்லாம் வலை வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி பக்கம் போகவே வேண்டாம்.

‘டேட் -யு’வே ஐந்தரை மணி தவறினால் அது வேறு கதை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் யாரோ இந்திய நேரத்தை ஏற்றியிருக்கிறார்கள், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது திரையில் நேரம் ஐந்தரை மணி முந்தி நிற்கும். முன்பு விண்டோஸ் ஓடிய பெட்டிகளில் இது அடிக்கடி வரும். ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0’ கொடுங்கள். கணினி நேரம் என்டிபி வழியாகச் சரியான பின் ‘எச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஎச்சி’ கொடுத்து அதையே மதர்போர்டில் எழுதுங்கள். இனி பயாஸ் திரையில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித்தான் தெரியும். அடுத்து வரும் சர்வீஸ் ஆள் அதைப் பார்த்து ‘சரி’ செய்துவிடாமல் இருக்கப் பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

தினமும் ஒன்றிரண்டு நொடி வளரும் வித்தியாசம் என்றால், ஒத்திசைவு நடக்கவே இல்லை என்று பொருள். குவார்ட்ஸ் படிகத்தின் இயல்பே அது. பத்து லட்சத்தில் 20 பங்கு, அதாவது 20 பிபிஎம் பிசகினால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். ஆனால் நாளுக்கு ஒரு நிமிடம் தவறினால் அது கிட்டத்தட்ட 700 பிபிஎம். எந்தப் படிகமும் அவ்வளவு மோசமில்லை. மெய்நிகர் கணினியிலோ கர்னலின் நேர மூலத்திலோ கோளாறு. ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் டிஎஸ்சி (பிராசஸருக்குள் இருக்கும் நேர எண்ணி) நிலையற்றது என்று குறிக்கப்பட்ட வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய நேர ஒத்திசைவு மென்பொருளான என்டிபிடி 500 பிபிஎம் வரைதான் ஈடுகட்டும், அதாவது நாளுக்கு 43 நொடி. அதற்கு மேல் ஓடும் கடிகாரத்தை அதால் பிடிக்க முடியாது.

மின்தடை நாளுக்குப் பிறகு

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரன்ட் போகிறது. யூபிஎஸ் அரை மணி தாங்கி, சர்வர் 9:30-க்கு அணைகிறது. மதியம் 2 மணிக்கு எழும்பும்போது சர்வர் 9:30 என்றே காட்டினால், மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பல உபுண்டு, டெபியன் பதிப்புகளில் வரும் சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற நேர மென்பொருள் கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைக்கும். எழும்பும்போது மதர்போர்டு அதைவிடப் பழைய தேதியைக் கொடுத்தால் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கும். ஆகவே பின்தங்கிய அளவு, சர்வர் அணைந்திருந்த அளவேதான். இந்த வசதி இல்லாத அமைப்பில் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அது உடனே கண்ணில் படும் என்பதால் ஒருவகையில் நல்லது.

பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.8-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். டிஸ்க் முறை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறிவிட்டால் சர்வர் பூட் ஆகாது. பத்து நிமிட வேலை அரை நாளை விழுங்குவது இங்கேதான்.

நேரம் வெகுவாகப் பின்தங்கிவிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. இணையப் பெயர்களின் டிஜிட்டல் கையொப்பத்தை (டிஎன்எஸ்செக்) சரிபார்க்கும் பெயர் சர்வர் அதே பெட்டியில் இருந்தால், கையொப்பங்களின் தேதி பொருந்தாது. பெயர்கள் எதுவும் முகவரியாக மாறாது. பெயர் மாறாமல் என்டிபி சர்வரை எட்ட முடியாது, என்டிபி இல்லாமல் தேதி திருந்தாது. நேர மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரு மூலத்தையாவது, அதாவது நேரம் சொல்லும் ஒரு சர்வரையாவது, எண் முகவரியில் எழுதி வைத்தால் இந்த முடிச்சு விழாது. உள்வலையில் இருக்கும் ரவுட்டரோ இன்னொரு சர்வரோ போதும்.

ஜெனரேட்டர் ஓடினால் சர்வர் நேரம் கெடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் சில சுவர்க் கடிகாரங்களும் டைமர்களும் தடுமாறலாம். சர்வர் தன் படிகத்தையே எண்ணுகிறது.

யார் ஓட்டுகிறார்கள்?

ஒரு பெட்டியில் ஒரே ஒரு நேர மேலாளர்தான் இருக்க வேண்டும். ‘எஸ்எஸ் -லுஎன்பி’ கொடுத்து 123-ஆம் யுடிபி போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ வழியாக க்ரோனி, என்டிபிடி, டைம்சிங்க்டி என்ற நேர மென்பொருள்கள் மூன்றையும் பாருங்கள். இரண்டு ஓடினால் ஒன்று இழுக்க, மற்றது தள்ளும். எதை வைப்பது என்று கேட்டால், எங்கள் பதில் க்ரோனி. டைம்சிங்க்டி ஒரு நேரத்தில் ஒரே மூலத்தை மட்டும் கேட்கும். அந்த மூலம் பொய் சொன்னால் அதற்குத் தெரிய வழியில்லை.

விஎம்வேர், ஹைப்பர்-வி மேல் ஓடும் மெய்நிகர் சர்வரில் ஒளிந்திருக்கும் இரண்டாம் மேலாளர், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அந்த ஹைப்பர்வைசரேதான். சீரான இடைவெளியில் நேரம் ஒரு குதி குதித்துத் திரும்பினால், மெய்நிகர் சர்வருக்குள் நிறுவிய கெஸ்ட் டூல்ஸில் உள்ள நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு க்ரோனியை மட்டும் விடுங்கள். கன்டெய்னருக்குள் க்ரோனியை நிறுவி, அனுமதி இல்லை என்று வரும் பிழையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கன்டெய்னருக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. தாய்க் கணினியைச் சரிசெய்யுங்கள்.

ரீச் எண்ணைப் படிக்கும் விதம்

‘க்ரோனிசி சோர்சஸ் -வி’ அடித்தால் ஒரு மூலத்துக்கு ஒரு வரி வரும். முன்னால் ^* இருந்தால் அதைத்தான் சர்வர் பின்பற்றுகிறது. ^+ என்றால் துணைக்குச் சேர்த்திருக்கிறது. ^? என்றால் எட்ட முடியவில்லை அல்லது இன்னும் தேர்வுக்குத் தகுதி பெறவில்லை. ^எக்ஸ் என்றால் பொய் சொல்கிறது என்று ஒதுக்கிவிட்டது.

அந்த வரியில் ரீச் என்ற நிரலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கடைசி எட்டு முயற்சிகளின் கதை அதில் எட்டின் அடிமான (ஆக்டல்) எண்ணாக இருக்கிறது. புதிதாகத் தொடங்கினால் 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறும். 377 என்றால் எட்டுக்கு எட்டும் பதில் வந்தது. 376 என்றால் கடைசி முயற்சி மட்டும் போயிற்று, பதறவேண்டாம். 252 என்றால் ஒன்று விட்டு ஒன்று தொலைகிறது, லைன் மோசம். 0 என்றால் எதுவுமே வரவில்லை.

0 வந்தால் ‘க்ரோனிசி ஆக்டிவிட்டி’ பாருங்கள். முகவரி தெரியாத மூலங்கள் என்ற எண்ணிக்கை ஏறியிருந்தால் பிரச்சினை டிஎன்எஸ். இல்லையென்றால் ‘டிசிபிடம்ப் -என்ஐ எனி யுடிபி போர்ட் 123’ ஓட விட்டு இன்னொரு டெர்மினலில் ‘க்ரோனிசி பர்ஸ்ட் 4/4’ கொடுங்கள். பாக்கெட் வெளியே போவதே தெரியவில்லை என்றால் சர்வரின் சொந்த ஃபயர்வாலைப் பாருங்கள். போகிறது, பதில் வரவில்லை என்றால் ரவுட்டரோ இணைய நிறுவனமோ தடுக்கிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நிமிடம் இணைத்துப் பாருங்கள், பதில் வந்தால் தடை வழக்கமான லைனில்தான் என்று உறுதியாகும்.

ஒரே லைனில் க்ரோனிக்கு நேரம் கிடைக்கிறது, பழைய என்டிபிடிக்குக் கிடைக்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். 2013-14-இல் என்டிபி சர்வர்களைப் பயன்படுத்திப் பெரும் பெருக்கத் தாக்குதல்கள் (சிறு கேள்விக்கு வரும் பெரிய பதிலை இன்னொருவர் மேல் திருப்பிவிடுவது) நடந்தன. அதன் பிறகு சில வலையமைப்புகள் 123-ஆம் போர்ட்டிலிருந்து புறப்படும் பாக்கெட்டுகளையும் வடிகட்டத் தொடங்கின. என்டிபிடி அந்த 123-இலிருந்தே கேட்கும். க்ரோனி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு போர்ட்டிலிருந்து கேட்கும். இந்த வேறுபாட்டால் க்ரோனி தப்பித்துவிடுகிறது.

ரீச் 377, ஆனாலும் ^* வரவில்லை என்றால்? மூலம் விண்டோஸ் டொமைன் சர்வராக இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தன் பிழை வரம்பை மூன்று நொடி, அதற்கும் மேல் என்று அறிவிப்பது சகஜம். க்ரோனி 3 நொடிக்கு மேல் போனால் சேர்த்துக்கொள்ளாது. ‘க்ரோனிசி என்டிபிடேட்டா’வில் அந்தப் பிழை வரம்பைக் காட்டும் ரூட் டிஸ்பர்ஷனைப் பார்த்து உறுதி செய்த பின் க்ரோனியின் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்டிஸ்டன்ஸ் 16’ என்று சேர்க்கலாம். அதைவிட, வெளி மூலங்களை நேரடியாகக் கேட்பது நல்லது.

மலை மேல் வரும் தனிச் சிக்கல்

ஏற்காட்டில் பல இடங்களில் இணையம் 4ஜி ரவுட்டரிலோ, கம்பியில்லா இணைப்பிலோதான் வருகிறது. ஃபைபர் இருந்தாலும் அப்லோடு குறுகலாக இருக்கலாம். அந்த அப்லோடை எஸ்டேட் பங்களாவின் கேமராப் பெட்டி கிளவுடுக்கு வீடியோ அனுப்பி அடைத்துக்கொண்டிருக்கும். ரீச் 377, ^* இருக்கிறது, துணைக்கு மூன்று ^+ இருக்கிறது, ஆனாலும் நேரம் கால் நொடி அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. காரணம் என்டிபி கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது.

கேள்வி போக எடுக்கும் நேரமும் பதில் வர எடுக்கும் நேரமும் சமம் என்று என்டிபி எடுத்துக்கொள்கிறது. அப்லோடு அடைத்திருந்தால் போகும் வழியில் மட்டும் 400 மில்லிநொடி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாமதத்தைக் கணக்கு இரண்டாகப் பிரித்துவிடும். உங்கள் கடிகாரம் 200 மில்லிநொடி பிந்துவதாகத் தவறாகத் தோன்றும். க்ரோனி தாமதம் குறைந்த மாதிரிகளுக்கே அதிக மதிப்புக் கொடுக்கும். ஆனால் நாள் முழுக்க அடைத்தே இருந்தால் அதற்கும் நல்ல மாதிரி கிடைக்காது.

இதற்கு மூலங்களைக் கூட்டுவது வைத்தியமல்ல. நான்கு சர்வரைக் கேட்டாலும் நான்கு கேள்வியும் அதே குறுகிய வழியாகத்தான் இறங்குகிறது. நான்கும் ஒரே பக்கம் தவறும், ஒன்றுக்கொன்று ஒத்தும் போகும், பெரும்பான்மை பார்த்து க்ரோனி ஏமாறும். செய்ய வேண்டியது, ரவுட்டரில் யுடிபி 123-க்கு முன்னுரிமை கொடுத்து, கேமராவின் அப்லோடு வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது. அது முடியாத மலிவு ரவுட்டர் என்றால், அமைதியான இரவு நேரத்தில் மூலத்துக்கான சாதாரண தாமதத்தை அளந்துகொள்ளுங்கள். அது 60 மில்லிநொடி என்றால் அந்தச் சர்வர் வரியின் கடைசியில் ‘மேக்ஸ்டிலே 0.1’ சேருங்கள். 100 மில்லிநொடிக்கு மேல் சுற்றி வந்த மாதிரிகள் தள்ளுபடியாகும். நெரிசலான மணிகளில் க்ரோனி கற்றுவைத்த வேகத்திலேயே கடிகாரத்தை ஓட்டும். சில மணி நேரத்துக்கு அது தாராளம்.

மழைக்காலத்தில் லைன் நாள்கணக்கில் போகும் இடங்களில் ஜிபிஎஸ் மாட்யூலோடு ஒரு ராஸ்பெர்ரி பை வைக்கலாம். பிபிஎஸ் கால் உள்ள மாட்யூலாக வாங்குங்கள். நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும் அந்தக் கால் இல்லாத யூஎஸ்பி ஜிபிஎஸ்ஸில் நேரம் பத்து, நூறு மில்லிநொடிக் கணக்கில் ஆடும். ஆன்டெனா தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்யாது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் நெருக்கத்துக்குள்ளும் தடுமாறும். வானம் தெரியும் இடத்துக்கு ஒயரை இழுங்கள். இடி மின்னலுக்கு அந்த ஒயருக்கு எர்த்தோடு சர்ஜ் தடுப்பானும் அவசியம். பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது என்பதையும் மறக்கவேண்டாம்.

அமைப்புக் கோப்பு

மூலம் ஒன்றாக இருந்தால் அதை நம்பியே தீரவேண்டும். இரண்டாக இருந்து முரண்பட்டால் எது சரி என்று சொல்ல ஆளில்லை. மூன்று போதும், நான்கு நல்லது. இந்திய நேரத்தைப் பராமரிப்பது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளை அந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் என்டிபி சர்வரோடோ, அவற்றோடு தொடர்பு காட்டக்கூடிய வேறு சர்வரோடோ இணைக்க வேண்டும். ஆகவே ‘சமய்1.நிக்.இன்’, ‘சமய்2.நிக்.இன்’, ‘டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க்’ மூன்றையும் போட்டு ஒவ்வொன்றுக்கும் ‘ஐபர்ஸ்ட்’ சேருங்கள். அது இருந்தால் தொடக்கத்தில் சில நொடியிலேயே நேரம் பிடிபடும்.

‘மேக்ஸ்டெப் 1.0 3’ (மேக், ஸ்டெப் இரண்டையும் சேர்த்து எழுதும் சொல்) என்ற வரி பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். முதல் மூன்று திருத்தங்களுக்குள் ஒரு நொடிக்கு மேல் தவறியிருந்தால் ஒரே தாவில் சரிசெய், பிறகு தாவாதே என்று அர்த்தம். அதன் பின் பெரிய வித்தியாசம் வந்தால் க்ரோனி மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். அதன் உச்ச வேகத்தில்கூட ஒரு நொடி வித்தியாசத்தைச் சரிசெய்யப் பன்னிரண்டு நொடி ஆகும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு அரை நாள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கும் மெய்நிகர் கணினிகளில் 3-க்குப் பதில் -1 போட்டால் எப்போதும் தாவும். தரவுத்தளம் ஓடும் பெட்டியில் அதைப் போடாதீர்கள்.

கையால் தாவவைக்க வேண்டியிருந்தால் வரிசை முக்கியம், அதிலும் கடிகாரம் முந்தியிருந்தால். நேரம் பின்னால் போகும்போது ஒரே நிமிடம் இரண்டு முறை வரும். இரண்டாவது பில் முதல் பில்லுக்கு முந்தைய நேரத்தோடு பதிவாகும். நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் வேலைகள் மறுபடி ஓடலாம். பில்லிங்கை நிறுத்தி, தரவுத்தளத்தை நிறுத்தி, கிரானை நிறுத்தி, ‘க்ரோனிசி மேக்ஸ்டெப்’ கொடுத்து, ‘க்ரோனிசி டிராக்கிங்’கில் லீப் ஸ்டேட்டஸ் நார்மல் என்று வந்த பிறகே தலைகீழ் வரிசையில் எழுப்புங்கள். அதே வெளியீட்டில் ரெஃபரன்ஸ் ஐடி 7எஃப்7எஃப்0101 என்று இருந்தால் ஏமாறாதீர்கள். சர்வர் வெளியே யாரையும் கேட்கவில்லை, தன் கடிகாரத்தையே தனக்கு ஆதாரமாகச் சொல்லிக்கொள்கிறது.

இந்தச் சர்வரையே உள்வலைக்கு நேர மூலமாக்குங்கள். ‘அலௌ 192.168.1.0/24’, ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’ என்ற இரண்டு வரி, ஃபயர்வாலில் என்டிபி சேவைக்கு அனுமதி, அவ்வளவுதான். வெளி லைன் போனாலும் எடைமேடை, கைரேகைக் கருவி, கேமரா எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டும். தவறினாலும் சேர்ந்தே தவறும். பதிவுகளை ஒப்பிட அது போதும். கேமராப் பெட்டியில் என்டிபி முகவரியாக இந்தச் சர்வரைக் கொடுத்து, இடைவெளியை 60 நிமிடமாக்கி, நேர மண்டலம் கூட்டல் 5:30 என்று வையுங்கள். கோடைகால நேரம் என்ற டிஎஸ்டி தேர்வு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கேமரா சரியாக ஒரு மணி நேரம் முந்துகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு டிக்தான்.